அந்தக் கை வில்

நான் இடது கைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ராயபுரத்தில் நான் சொல்வதற்கு முன்னால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அதற்கு அங்கே ஒரு சொல் இருக்கிறது: பீச்சாங்கை. கழுவுகிற கை என்று அர்த்தம். கடையில் காசை நீட்டினால் அந்தச் சொல் வரும். கல்யாண வீட்டில் பந்தியில் பாயசம் எடுத்துப் போனால் வரும். பஸ்ஸில் கண்டக்டர்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறார், வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சோறு தின்பதையும் எழுதுவதையும் சின்ன வயதிலேயே வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் அம்மா கரண்டியால், பள்ளியில் டீச்சர் ஸ்கேலால். ஆனால் யாரும் சொல்லிக்கொடுக்காத காரியங்கள் எல்லாம் இடது கையிலேயே தங்கிவிட்டன. மீன் ஆய்வது, சுத்தியல் பிடிப்பது, கல் எறிவது, கோபம் வந்தால் ஓங்குவது. இந்தக் கடைசியில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் வேலை பார்க்கிறேன். வந்து இறங்குகிற பெட்டிகளில் எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. டிரைவர் ஒவ்வொருவரும் அது ஏற்கெனவே இருந்ததுதான் என்பார். இல்லை என்று நான் சொல்ல வேண்டும். அதற்குக் கண்ணைவிடக் குரல்தான் முக்கியம்.

வில் வித்தைக்கு வந்தது தற்செயல். அண்ணன் மகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதவரத்தில் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போய் விட வேண்டியிருந்தது. அவள் கொஞ்ச நாளில் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. பழகுகிறவர்களுக்கு அங்கே மூங்கில் வில் கொடுப்பார்கள், எந்தக் கைக்கும் பொதுவானது. முதல் நாள் அதை வலது கையில் பிடித்து, இடது கையால் நாணை இழுத்து, காது வரைக்கும் கொண்டுவந்து விட்டேன். அம்பு எங்கேயோ வேலிக்கு வெளியே போனது. ஆனாலும் உடம்புக்குள் ஏதோ ஒன்று அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இத்தனை வயதுக்கு மேல் ஒரு புதுக் காரியத்தை, யாரும் தட்டித் திருத்துவதற்கு முன்னால், என் கையாலேயே தொடங்கியிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் ஷேர் ஆட்டோக்காரரிடம்கூட நான் சண்டை போடவில்லை.

மாவட்டங்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் மர வில்லுக்குத் தனிப் பிரிவு உண்டு. குறிபார்க்கும் கருவி எதுவும் கிடையாது. வெறும் மரம், நாண், கண், அவ்வளவுதான். எங்கள் குழுவிலிருந்து பெண்களில் ஒரே ஒருவருக்கு இடம். மூங்கில் வில் அந்தத் தூரத்துக்கு எட்டாது. குழுவில் இருந்த நல்ல மர வில்கள் எல்லாம் வலது கைக்காரர்களுக்கானவை.

அந்த வில்லில் பிடிக்கு மேலே பக்கவாட்டில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அம்பு அதில்தான் உட்காரும். வலது கைக்காரர்கள் வில்லை இடது கையில் பிடித்து, வலது கையால் நாணை இழுப்பார்கள். அவர்களுக்கு வெட்டு இடது பக்கம். எனக்கு எல்லாமே நேர் எதிர். வில் வலது கையில், நாண் இடது கையில், வெட்டு வலது பக்கம்.

"கை மாத்திக்குங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்றார் எங்கள் பயிற்சியாளர். நல்ல மனிதர்தான். "இல்லேன்னா தேர்வு நடக்கறதுக்குள்ள உங்க கைக்கு ஏத்த வில்லோட வாங்க. ரெண்டுல ஒண்ணு."

ஒண்ணும் ஆகாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகப் படகு ஆசாரியின் கொட்டகைக்குப் போனேன்.

ஆசாரி என்றதும் கண்ணாடியை மூக்கில் தொங்கவிட்ட வயசாளியை நினைக்க வேண்டாம். என்னைவிட இளையவன், தடித்த ஆள், எந்நேரமும் வாய் ஓயாது. காசிமேட்டுக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்த கொட்டகை. ஃபைபர் படகு வந்தபிறகும் அவனுக்கு வேலை குறைந்ததில்லை. ஃபைபருக்குள்ளே வைக்கிற மரச் சட்டம் முழுவதும் அவன் கொட்டகையிலிருந்துதான் போகும். என் அண்ணன் படகுக்கும் அவன்தான். தன்னால் முடியாத மர வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அவன் நம்பியதே இல்லை.

"எனக்கு ஒரு வில்லு வேணும்" என்றேன்.

"இன்னாக்கா, திருவிழாவுல வேசம் கட்டப் போறியா?"

செல்போனில் மர வில் செய்கிற வீடியோவைக் காட்டினேன். சிரிப்பு நின்றது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். குழுவில் பிடி நொறுங்கி உடைந்துபோன ஒரு பழைய வில்லைக் கிளம்பும்போதே கேட்டு வாங்கி வந்திருந்தேன், அதையும் கொடுத்தேன். முறிந்த இடத்தை முகர்ந்து பார்த்தான்.

"ப்பூ, இவ்ளோதானா? வெளிய முதுகுக்கு மூங்கில் பட்டை, உள்ள வவுத்துக்குக் கருவேலம். நடுவுல நம்ம படகு பசை. ஷோக்கா செஞ்சி குட்த்துடறேன்."

"இதே மாதிரி இல்ல. எனக்கு இடது கை பழக்கம்."

"அட, நீ பீச்சாங்கையா? இம்மா நாளா தெரியாம பூட்ச்சே!"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை. "இத பாரு, இந்தக் கையாலதான் வூட்டுக்கே மீன் ஆயறேன். இன்னும் ஒரு தபா அந்த வார்த்தை உன் வாயில வந்துச்சு, உன் உளி, இழைப்புளி அல்லாத்தையும் தூக்கிக் கடல்ல போட்டுருவேன், ஆமா!" என்றேன். அப்புறம் அந்தச் சொல்லின் அர்த்தம் என்ன, அதைச் சொல்கிறவன் வீட்டில் யாரும் கழுவுவதில்லையா என்று ஒரு பிடி பிடித்தேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஆசாரி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

"யம்மா தாயே, தெரியாம சொல்லிட்டேன். இனிமே சொன்னா கேளு."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதில்தான் வந்தது வினை. அன்றிலிருந்து அவன் வாயில் அந்தக் கை "அந்தக் கை" ஆகிவிட்டது. கோயில் பூசாரி தீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்தி, "அந்தக் கை வில்லுதானேக்கா?" என்று கேட்டான். "ஆமா, அந்தக் கை வில்லுதான்" என்று நானும் ஜோராகச் சொன்னேன். ஓட்டை அடைக்கிற பட்டியைப் பிசைந்து உருட்டி நீட்டினான். "அந்தக் கையால நல்லா இறுக்கிப் புடிக்கா, அச்சு எடுத்துக்கறேன்." எதையாவது பிடி என்றால் எனக்கு இடது கைதான் முன்னால் போகும். இறுக்கிப் பிடித்தேன். விரல் ரேகைகூட அதில் பதிந்தது. இருவருக்கும் பரம திருப்தி.

வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் ஷிப்டு முடிந்து போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன். சுவரில் ஒரு கட்டையை அறைந்து அதில் வில்லைக் கிடத்தி, நாணில் கயிற்றைக் கட்டி, கீழே கப்பி வழியாக இழுப்பான். வில் மெதுவாக வளையும். இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று எட்ட நின்று பார்ப்பான். எங்கே முரண்டு பிடிக்கிறதோ அங்கே கொஞ்சம் சுரண்டுவான். மறுபடி இழுப்பான்.

"நம்ம வேலையே மரம் அசங்காம பாத்துக்கறதுக்கா. இங்க இன்னாடான்னா வளை வளைன்னு கெஞ்சிகினு கீறேன்" என்று சிரித்தான்.

பயிற்சியாளர் கீழ்ப் பாதி கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். ஆசாரி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "படகுல இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு செஞ்சா அது கடல்ல நேரா போவுமா? ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும். போ, போயி வேலையப் பாரு." நானும் விட்டுவிட்டேன். பிடியை மட்டும் காட்டவே மாட்டேன் என்றான். அது கடைசியில், முழுசாக முடிந்தபிறகுதான் காட்டுவானாம்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கூப்பிட்டான். புது லுங்கியில் சுற்றி வைத்திருந்தான். பிரித்துக் காட்டினான். இப்போது நினைத்தாலும் மூச்சு நிற்கிறது. மூங்கில் முதுகு வெளிர் மஞ்சள், கருவேலம் கருஞ்சிவப்பு, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி பசை. நுனிகளில் வலை நூலைச் சுற்றி மெழுகியிருந்தான். இவ்வளவு அழகான பொருள் எதையும் யாரும் எனக்கென்று செய்ததில்லை.

வலது கையில் எடுத்தேன். உள்ளங்கையில் ஏதோ இடித்தது. கட்டை விரல் போக வேண்டிய இடத்தில் புடைப்பு. புடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். அம்பு உட்காரும் வெட்டைப் பார்த்தேன். இடது பக்கம் இருந்தது.

"இன்னாடா இது?"

"இன்னாக்கா?"

"இது எல்லாருக்கும் இருக்கற வில்லுடா! வில்லை நான் இந்தக் கையில புடிப்பேன், இழுக்கறதுதான் இடது கை!"

அவன் முகம் போன போக்கு. "அந்தக் கை வில்லுன்னு நீதானே சொன்ன? அந்தக் கையில புடிக்கிற வில்லு! அச்சுக்கும் அந்தக் கையத்தானே குட்த்த?"

"அந்தக் கைன்னா இழுக்கற கைடா!"

"யாருக்குத் தெரியும்? வாயத் தொறந்து கேக்கலாம்னா கடல்ல போட்டுருவேன்ற. அந்த வார்த்தைய சொல்ல உட்ருந்தா, பீ..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "சரியா கேட்டுருப்பேன். தப்பு உன் மேலதான்."

தப்பு யார் மேல் என்று இன்றுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை. முடிவாகப் போவதும் இல்லை. என்னைப் பொறுத்தவரை அவன் மேல்தான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வில்லை மாதவரத்துக்கு எடுத்துப் போனேன், பயிற்சியாளர் ஏதாவது வழி சொல்வார் என்று. அவர் அதைக் கையில் வாங்கினார், இழுத்தார், ஒரு அம்பு விட்டார். திரும்பியபோது அவர் முகமே மாறியிருந்தது. "இது யார் செஞ்சாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு என்னிடம் நீட்டி, "வலது கையால ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்" என்றார்.

இழுத்தேன். அம்பு இலக்கில் போய் உட்கார்ந்தது. நடுவில் இல்லை, ஆனாலும் உள்ளேதான். இன்னொன்று விட்டேன், அதுவும் உள்ளே. சின்ன வயதில் வாங்கிய அடியெல்லாம் வீண் போகவில்லை, என் வலது கையும் சொன்னதைக் கேட்கிற கைதான்.

"பாத்தீங்களா?" என்றார் பயிற்சியாளர், சந்தோஷமாக. "ஒரு வாரம் இப்படியே பழகுங்க. இந்த வில்லு கையில இருந்தா இடம் உங்களுக்குத்தான், நான் சொல்றேன்."

எனக்கு அழுகை வந்தது. வில்லுக்காக இல்லை, போட்டிக்காகவும் இல்லை. இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுகிறதே என்று. கரண்டி கிடையாது, ஸ்கேல் கிடையாது. ஒரு அழகான வில்லைக் கையில் கொடுத்து, பாராட்டி, சிரித்த முகத்தோடு மறுபடியும் கையை மாற்றிவிடப் பார்க்கிறார்கள். நானும் தலையை ஆட்டிவிடுவேன் போல இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. வில்லை லுங்கியில் சுற்றிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று கிளம்பிவிட்டேன். பஸ் மூலக்கடை தாண்டுவதற்குள் யோசித்து முடித்தாயிற்று.

"வலது பக்கம் வெட்டு" என்றேன் ஆசாரியிடம், மாதவரத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டு.

அவன் வில்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "ஏற்கெனவே ஒரு பக்கம் வெட்டிக்கீது. அதுக்கு நேரா இந்தப் பக்கமும் வெட்டுனா இடுப்பு மெலிஞ்சி பூடும்க்கா. இழுத்தா படக்குனு ஒடிஞ்சி மூஞ்சில அடிக்கும்."

"ஒடிஞ்சா ஒடியட்டும்."

"உனக்கு இன்னா, ஒடியட்டும்ன்ற. இந்த மாதிரி இன்னொண்ணு என் கையில அமையுமா அமையாதான்னு எனக்கே தெர்ல. உன் கோச்சுதான் சொல்றாராமே, அந்தக் கையில... சே, இந்தக் கையில இழுன்னு. இழுத்துட்டுப் போயேன். யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்டா! இது ஒண்ணுதான் நானா ஆரம்பிச்சது. இதையும் கைமாத்திட்டா அப்பால நான்னு இன்னாதான் மிச்சம்?"

அவன் வில்லை விடவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நீ வெட்ட மாட்டல்ல? குடு, நானே வெட்டறேன்" என்று எட்டிப் பிடுங்கினேன். அவன் இழுக்க, நான் இழுக்க, ஒரு சுற்றுச் சுற்றி வில் என் வலது கைக்கு வந்தது. இடது கையால் ரம்பத்தைத் தேடித் துழாவினேன்.

"யக்கா, அசங்காத!" என்று கத்தினான்.

நின்றேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. உள்ளங்கையில் எதுவும் இடிக்கவில்லை. புடைப்பு அது இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது, கட்டை விரல் பள்ளத்தில் போய் உட்கார்ந்திருந்தது. வில்லைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். மேலே இருந்த பாதி கீழே போயிருந்தது. இடது பக்கம் இருந்த வெட்டு இப்போது வலது பக்கம், பிடிக்குக் கீழே.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பயிற்சியாளர் பேச்சைக் கேட்டுக் கீழ்ப் பாதியை விறைப்பாகச் செய்திருந்தால் இப்படிக் கவிழ்க்கவே முடியாது. படகு மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாக இழைத்திருந்ததால் வில்லுக்குத் தலை எது, கால் எது என்ற பேச்சே இல்லை.

"புது வெட்டு பிடிக்கு மேல வரும்" என்றான், விரலால் தொட்டுக்கொண்டே. "பழசு கீழ தனியா கீது. ரெண்டும் நேருக்கு நேரா வராது. இடுப்பு மெலியாது. பழசுல கட்டை வச்சி ஒட்டி, வலை நூலு போட்டு இறுக்கிடலாம். பிடிய லேசா அரத்தால தேச்சா போதும்." பிறகு முறைத்தான். "பிடுங்குனியே, இத்த மொதல்லயே பிடுங்கி இருக்கக் கூடாதா?"

அந்த வாரம் முழுக்க அவன் படகு வேலையைத் தொடவில்லை. என் அண்ணன் போய்ச் சத்தம் போட்டும் தொடவில்லை. பசை காய்ந்ததும் மறுபடி சுவரில் ஏற்றிக் கப்பியில் இழுத்தோம். மரம் ஒரு இடத்தில் முனகியது. ஆசாரி கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. இன்னும் இழு என்றேன். இழுத்தான். வில் முழுசாக வளைந்து, அப்படியே நின்றது.

தேர்வு அன்று என் பின்னாலேயே மாதவரத்துக்கு வந்துவிட்டான். வேலி ஓரம் குந்திக்கொண்டான். பயிற்சியாளர் வில்லில் சுற்றியிருந்த நூலைத் தடவிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசையின் வலது கோடியைக் காட்டி, "நீங்க அங்க ஓரமா நில்லுங்க மேடம். நடுவுல நின்னா மத்தவங்களுக்கு இடைஞ்சல்" என்றார்.

அதுவரை பழகுகிறவர்களோடு தனியாகத்தான் எய்திருக்கிறேன். வரிசையில் நின்றது அதுதான் முதல் தடவை. அம்பு விடுகிறவர்கள் இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்பார்கள். வலது கைக்காரிகள் எல்லாருக்கும் இடது தோள் இலக்கைப் பார்த்திருக்கும். அதனால் ஒருத்தி முதுகைப் பார்த்து ஒருத்தி நிற்பாள். எனக்கு வலது தோள்தான் முன்னால். கோடியில் போய்க் காலை ஊன்றித் தலையை நிமிர்த்தினேன். வரிசை மொத்தமும் என்னைப் பார்த்து நின்றது. அத்தனை முகமும் எனக்குத் தெரிந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயப்படுகிறவள் யார், நடிக்கிறவள் யார் என்று எல்லாம் தெரிந்தது. நாலைந்து வருடம் லாரி டிரைவர்கள் முகத்தைப் பார்த்துப் பழகினவள் நான்.

இடது கையால் இழுத்தேன். காது வரைக்கும் வந்தது. விட்டேன். முதல் அம்பு புல்லில் விழுந்தது. போகட்டும் என்று அடுத்ததை எடுத்தேன். அது உள்ளே போனது. அதற்கடுத்தது இன்னும் உள்ளே. வில்லில் முனகல் ஒன்றும் இல்லை. வேலிப் பக்கமிருந்து ஆசாரியின் விசில் கேட்டது. அப்புறம் எத்தனை விட்டேன் என்று எனக்கு நினைவில்லை, எதிரே நின்ற முகங்கள்தான் நினைவிருக்கின்றன. போகப் போக அவர்கள் தங்கள் இலக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் இலக்கைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

எல்லாம் முடிந்து பயிற்சியாளர் இலக்குகளைப் பார்த்துவிட்டு வந்தார். கையிலிருந்த அட்டையை மடக்கி, "நீங்கதான் மேடம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, குரலைத் தணித்து, "போட்டியிலயும் உங்கள இதே மாதிரி கோடியிலதான் நிறுத்துவாங்க. பரவாயில்லையா? வேணும்னா நான் பேசிப் பாக்கறேன்" என்றார்.

"பேசிடாதீங்க சார்" என்றேன். "எனக்கு அந்த இடம்தான் வேணும்."